வானம் பார்த்த சனம்
(கடற்கரை விமானக் காட்சிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)



ஆகாய விமானம் எண்டால் எங்கட சனத்துக்கு இரண்டு விதமான நினைவு வரும். ஒன்று, எங்களை ஏற்றிக்கொண்டு வந்த விமானம். எண்பதுகளில் வந்தவர்கள் பலர் கிழக்கு பேர்லினில் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் வந்து அகதி அந்தஸ்து கேட்டவர்கள். மற்றது, ஊரில் தலைக்கு மேலே வட்டமிட்ட விமானம். அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. ஆனால் இந்த உலகத்தில் மூன்றாவது விதமான விமானமும் உண்டு. சனம் குடும்பத்தோடு போய், ஐஸ்கிறீம் வாங்கிக் குடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகின்ற விமானம். அந்த வேடிக்கை எங்கே தொடங்கியது, எப்படிக் கடற்கரைக்கு வந்தது, அதில் எங்களுக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெரீனாவில் நடந்தது

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னை மெரீனாக் கடற்கரையில் இந்திய விமானப்படையின் சாகசக் காட்சி. 1932 அக்டோபர் 8இல் உருவாக்கப்பட்ட அந்தப் படையின் 92ஆவது ஆண்டு விழாவை ஒட்டி அது நடந்தது. இந்த விழா நெடுங்காலம் டில்லிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தது. 2022இல் சண்டிகாருக்கும் 2023இல் பிரயாக்ராஜுக்கும் போய், பிறகுதான் சென்னைக்கு வந்தது. 21 வருடங்களின் பின் சென்னைக்குக் கிடைத்த காட்சி என்றபடியால் சனத்துக்கு ஆவல் அதிகம்.

எழுபத்திரண்டு விமானங்கள் பறந்தன. பிரான்சில் செய்த ரபேல், ரஷ்யத் தயாரிப்பில் பிறந்த சுகோய்-30, இந்தியாவிலேயே செய்த தேஜஸ், சூர்யகிரண் அணியின் சிவப்பு வெள்ளை ஹோக் விமானங்கள், சாரங் அணியின் ஹெலிகொப்டர்கள், பரசூட்டில் குதிக்கும் ஆகாஷ் கங்கா வீரர்கள் என்று ஒரு பெரிய பட்டியல். பழைய டக்கோட்டாவும் பறந்தது. அந்த டக்கோட்டாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலை பதினொரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்தது. வந்த சனம் ஏறக்குறைய பதினைந்து இலட்சம் என்று கணக்குச் சொன்னார்கள். நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று பலர் விடியவே வந்து மணலில் குந்தியிருந்தவர்கள். தலைக்கு மேல் வெயில். நிழல் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பின்னர் பலர் முறையிட்டார்கள். காட்சி முடிந்ததும் அத்தனை சனமும் ஒரே நேரத்தில் காமராஜர் சாலைக்குத் திரும்பியது. பறக்கும் ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. அன்று ஐந்து பேர் இறந்து போனார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மயங்கி விழுந்தும் உடல் சோர்ந்தும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். இறப்புக்குக் காரணம் வெயில் என்று அரசு சொன்னது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு தலா ஐந்து இலட்சம் ரூபா அறிவிக்கப்பட்டது. பிறகு வழமைபோல அரசியல்வாதிகள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வானத்தில் ஒரு பிழையும் நடக்கவில்லை. ஒரு விமானமும் மோதவில்லை, ஒரு துண்டும் கீழே விழவில்லை. விமானிகள் நொடி தப்பாமல் தங்கள் வேலையைச் செய்தார்கள். இறந்தவர்கள் தரையில் நின்றவர்கள். எழுபத்திரண்டு விமானங்களுக்கும் எரிபொருள் எவ்வளவு, பாதை எது, நேரம் என்ன என்று கணக்குப் பார்க்கப்பட்டது. கீழே நின்ற பதினைந்து இலட்சம் பேருக்குத் தண்ணீர் எவ்வளவு, போகும் வழி எது என்ற கணக்குத்தான் போதாமல் போனது.

சித்திரை 1942

அதே கடற்கரை முன்பொரு காலம் விமானத்துக்குப் பயந்து காலியானது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, ஜப்பானியக் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்கள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலைக்கு அடி விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று பேச்சுப் பரவியது. அரசாங்கமே சனத்தை வெளியேறச் சொன்னது. அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன. மூட்டை முடிச்சுகளோடு சனம் ரயில் ஏறியது. குண்டு விழுந்து கூடு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிச்சாலைச் சிங்கம் புலிகளைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வருடம் சித்திரை பிறந்தது இந்தக் கலவரத்துக்குள்தான்.

எண்பத்திரண்டு வருட இடைவெளியில் ஒரே கரையில் இரண்டு காட்சி. விமானம் வரப்போகிறது என்று ஒருமுறை ஊர் காலியாகியது. விமானம் வரப்போகிறது என்று மறுமுறை ஊரே திரண்டு வந்தது. மேலே பறப்பது யாருடைய விமானம், அது எதற்காக வருகிறது என்பது தெரிந்த பிறகுதான் சனம் ஓடுவதா நிற்பதா என்று தீர்மானிக்கிறது.

வேடிக்கை தொடங்கிய கதை

1909 யூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அடுத்த மாதமே பிரான்சில் றெய்ம்ஸ் நகரில் ஒரு வாரம் விமானப் போட்டி வைத்தார்கள். உலகத்தின் முதற் பெரிய விமானக் காட்சி அதுதான். அதே ஆண்டு செப்டெம்பரில் பேர்லினுக்குப் பக்கத்தில் யோகானிஸ்தால் விமானத்தளம் திறக்கப்பட்டது. அக்டோபரில் இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் காட்சி நடந்தது. ரிக்கெற் விற்று, ஆசனம் போட்டு, பரிசு கொடுத்து நடத்திய வியாபாரம் அது. பறப்பவர்கள் பந்தயக்காரர்கள், பணக்காரர்கள், பொறியியலாளர்கள். ஆனால் பார்க்க வந்தவர்களில் இராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். ஐந்து வருடத்தில் முதலாம் உலக யுத்தம் வந்தபோது இந்த இயந்திரத்தை என்ன செய்யலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழரும் இந்த வேடிக்கையைப் பிந்தாமல் பார்த்தவர்கள்தான். 1910இல் சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்ஜெலிஸ் என்ற கோர்சிக்கா நாட்டவர், சிம்சன் கம்பனியில் ஒரு விமானம் செய்வித்து, பல்லாவரத்தில் பறந்து பார்த்து, பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிச் சனத்துக்குக் காட்டினார். றைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை.

ஏன் கடற்கரையைத் தேடிப் போகிறார்கள்? காரணம் இலகுவானது. கரையில் எத்தனை இலட்சம் பேரும் நிற்கலாம், மறைக்கக் கட்டிடம் இல்லை. அதைவிட முக்கியமானது, விமானம் கடலுக்கு மேலே பறந்தால் விழுந்தாலும் தண்ணீரில் விழும். இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு பெரியது என்பதை உலகம் பிணங்களை எண்ணித்தான் கற்றுக்கொண்டது. 1952 செப்டெம்பரில் இங்கிலாந்தின் பான்பறோவில் ஒரு ஜெற் விமானம் ஆகாயத்தில் உடைந்து, அதன் இயந்திரம் சனத்துக்குள் விழுந்து 29 பார்வையாளர்கள் மாண்டனர். விமானத்தில் இருந்த இருவரும் போயினர். அதற்குப் பிறகுதான் அங்கே, சனத்தை நோக்கிப் பறக்கக்கூடாது, இவ்வளவு தூரம் விலகிப் பறக்க வேண்டும் என்ற விதிகள் இறுக்கப்பட்டன.

றாம்ஸ்ரைன், 1988

நாங்கள் வாழும் யேர்மனியில் நடந்ததை எம்மவரில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1988 ஓகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. றைன்லாந்து-பால்ஸ் மாநிலத்தில் றாம்ஸ்ரைன் என்ற அமெரிக்க விமானத்தளத்தில் பெருவிழா. மூன்று இலட்சம் பேர் வரை வந்திருந்தார்கள். இத்தாலிய விமானப்படையின் சாகச அணி பத்து விமானங்களோடு 'துளைத்த இதயம்' என்ற காட்சியைச் செய்தது. ஒன்பது விமானங்கள் புகையால் வானத்தில் இதயம் வரைய, ஒன்று அதை அம்புபோல் துளைத்துக்கொண்டு சனத்தை நோக்கி வரவேண்டும். அந்த ஒன்று சற்றுப் பிசகி வந்து மற்ற இரண்டோடு மோதியது. நெருப்புப் பிடித்த விமானம் சனத்துக்குள் விழுந்தது. மூன்று விமானிகளோடு சேர்த்து எழுபது பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் எரிகாயப்பட்டார்கள். அகதி விடுதிகளில் இருந்த எம்மவர் பலர் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பார்கள்.

அன்று வெளிவந்த இன்னொரு உண்மை நெஞ்சைச் சுடுவது. காயப்பட்டவர்களுக்கு நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்கள் அமெரிக்கருக்கு ஒருவிதம், யேர்மனியருக்கு ஒருவிதம். ஒன்று மற்றதோடு பொருந்தவில்லை. எந்தக் காயக்காரரை எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது என்று ஒருங்கிணைக்க ஆள் இல்லை. வானத்தில் அங்குலக் கணக்கில் திட்டம் போட்டவர்கள், தரையில் ஓர் ஊசி பொருந்துமா என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யேர்மனி மூன்று வருடங்களுக்கு இராணுவச் சாகசப் பறப்புகளைத் தடை செய்தது. பின்னர் விதிகள் மிகக் கடுமையாக வந்தன.

2015 ஓகஸ்டில் இங்கிலாந்தின் ஷோரம் என்ற கடற்கரை ஊரில் ஒரு பழைய ஹன்ரர் போர் விமானம் நெடுஞ்சாலையில் விழுந்து பதினொரு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் ஒருவரும் ரிக்கெற் வாங்கி மைதானத்துக்குள் நின்றவர்கள் அல்லர். தெருவால் போனவர்களும் தெருவோரம் நின்றவர்களும். வேலிக்கு உள்ளே நிற்பவனைக் கணக்கெடுத்தார்கள், வேலிக்கு வெளியே நிற்பவனை மறந்தார்கள்.

எங்கள் வானம்

இப்போது எங்கட ஊருக்கு வருவோம். பலாலி விமானத்தளம் இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை கட்டியது. யுத்தம் முடிந்ததும் அது சனத்துக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதற் பயணம் இரத்மலானையில் தொடங்கி, காங்கேசன்துறை என்று பெயர் போட்ட எங்கள் பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. அந்த விமானம் டக்கோட்டா. பெயர் 'சீதாதேவி'. யுத்தத்தில் படையினரையும் சாமானையும் ஏற்றிய அதே வகை விமானம் யாழ்ப்பாணத்து வியாபாரிகளையும் மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு கடல் தாண்டியது. 2024இல் மெரீனாவுக்கு மேலே பறந்த கிழ டக்கோட்டாவும் இந்தச் 'சீதாதேவி'யின் உடன்பிறப்புத்தான்.

யுத்த விமானம் சனத்தின் விமானமாக மாறலாம் என்பதற்கு டக்கோட்டா சாட்சி. மறுபக்கமும் உண்டு. 1985இல் இலங்கை அரசு வாங்கிய சியாமாசெட்டி இத்தாலியில் செய்த விமானம். பறக்கப் பழகுவதற்கும் விளையாட்டுப் பறப்புக்கும் ஏற்ற சின்ன அழகான விமானம் என்று ஐரோப்பாவில் அதற்குப் பேர். இங்கே விமானக் காட்சிகளில் அது குட்டிக்கரணம் அடித்தால் சனம் கைதட்டும். எங்கட ஊரில் அது குட்டிக்கரணம் அடித்தால் குண்டு போடப் பதிகிறது என்று அர்த்தம். "பொம்மர் பதியுது, பங்கருக்குள்ள ஓடுங்கோ!" என்று கத்தாத வீடு உண்டா? சாமான் ஏற்றுகிற விமானத்திலிருந்து பீப்பாக்குண்டு உருட்டினார்கள். சனம் அதற்குச் 'சகடை' என்று பேர் வைத்தது. 1993இல் புக்காரா வந்தது, 1996இல் இஸ்ரேலியக் கிபீர் வந்தது. சின்னப் பிள்ளையள்கூடச் சத்தத்தை வைத்தே இது கெலி, இது சகடை, இது கிபீர் என்று சொல்லுவினம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்காத பாடம் அது.

1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. அன்று காலையில்தான் படை நகர்வு தொடங்கி, சனம் ஊரை விட்டு நடந்து வந்து கோயிலில் தங்கியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே பொழுதில் போனார்கள். விமானி மேலிருந்து கண்டது ஓர் இலக்கு. கீழே இருந்தவை தாயும் பிள்ளையும் கிழவனும் கிழவியும்.

இதற்கு இடையில் ஒரு நாள் வேறு மாதிரி இருந்தது. 1987 யூன் 4ஆம் திகதி மாலை. முதல் நாள் இந்தியாவிலிருந்து உணவு கொண்டு வந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த நாள் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்துக்கு மேலே பறந்து ஏறக்குறைய இருபத்தைந்து தொன் உணவும் மருந்தும் பரசூட்டில் போட்டன. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய சனம், வெள்ளைக் குடை விரிவதைக் கண்டு வெளியில் வந்து கைகாட்டியது. அதன் பின்னால் இருந்த அரசியலும் பிறகு நடந்தவையும் வேறு கதை. ஆனால் அந்தப் பின்னேரத்தில் எங்கட சனம் பயமில்லாமல் அண்ணாந்து பார்த்தது என்பது வரலாறு.

எசன் நகரத்தின் வானம்

நாங்கள் குடியிருக்கும் இந்த நகரத்துக்கும் இதே அனுபவம் உண்டு. குறுப் ஆலைகள் இருந்தபடியால் எசன் இரண்டாம் உலக யுத்தத்தில் பெரிய இலக்கு. 1943 மார்ச் 5ஆம் திகதி இரவு 442 விமானங்கள் வந்தன. ரூர் பகுதி மீதான தொடர் தாக்குதலின் ஆரம்பம் அது. 1945 மார்ச் 11ஆம் திகதி பட்டப்பகலில் 1,079 விமானங்கள் வந்து 4,661 தொன் குண்டுகளைக் கொட்டின. மறுநாள் டோர்ட்முண்டுக்கு 1,108 விமானங்கள் போயின. யேர்மனி மற்ற நாடுகளின் நகரங்களுக்குச் செய்த அழிவு திரும்பி வந்தது என்பது உண்மைதான். ஆனாலும் குண்டுக்குக் கீழே இருந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். குறுப்பில் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்த வெளிநாட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு நல்ல பதுங்குமிடங்களில் இடமே கொடுக்கப்படவில்லை. அங்கேயும் கணக்கில் எடுக்கப்படாதவர்கள் இருந்தார்கள்.

இன்றைக்கும் எசனில் வீடு கட்ட நிலம் தோண்டினால் வெடிக்காத குண்டு வெளிவருகிறது. அந்தத் தெருவில் உள்ளவர்களை எழுப்பி மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு நிபுணர் வந்து செயலிழக்கச் செய்வார். எங்கட ஆக்களும் பாயும் தேத்தண்ணிப் போத்தலுமாய் யேர்மன் அயலவரோடு போய்க் குந்தியிருந்திருக்கினம். எண்பது வருடம் கழித்தும் ஒரு நகரம் தன் சனத்தை ஒவ்வொருவராய் எண்ணி வெளியேற்றி, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புகிறது. இதை நாங்கள் படிக்க வேண்டும். இந்தப் பகுதியும் எப்போதும் சரியாகக் கணக்குப் பார்த்தது என்று சொல்ல முடியாது. 2010 யூலையில் பக்கத்து நகரமான டுயிஸ்பேர்க்கில் நடந்த லவ் பரேட் இசைவிழாவில் ஒடுக்கமான வழியில் சனம் நெரிந்து இருபத்தொரு இளையோர் இறந்தார்கள். மெரீனாவுக்குப் பதினான்கு வருடம் முந்திய அதே பாடம்.

காலிமுகத்திடலும் முற்றவெளியும்

2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் எழுபதாவது ஆண்டுக்குக் கொழும்பு காலிமுகத்திடலில் கடற்கரைக் காட்சி நடந்தது. இந்தியாவின் சூர்யகிரண், சாரங் அணிகளும் தேஜஸும் வந்தன. 2024 மார்ச்சில் அதே விமானப்படை யாழ்ப்பாணம் முற்றவெளியில், கோட்டைக்கும் கடல்நீரேரிக்கும் பக்கத்தில், தன் கண்காட்சியை நடத்தியது. யுத்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் புதினம் பார்க்கப் போனதில் ஆச்சரியமில்லை. பிள்ளைக்கு விமானம் என்றால் விமானம்தான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அதேபோல, அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட தாய் ஒருத்தி இருந்தால் அவளைப் பார்த்து "இன்னும் பழசையே நினைக்கிறியள்" என்று சொல்லவும் ஒருவருக்கும் உரிமை இல்லை. குண்டு விழுந்த ஊரில் விமானக் காட்சி வைப்பதற்கு முன், விழுந்த குண்டுகளுக்கு ஒரு பதில் சொல்லப்பட வேண்டும். நவாலிக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை.

நல்ல செய்தியையும் சொல்லாமல் விடக்கூடாது. 2019 அக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொறோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது. 'சீதாதேவி' போன பாதையில் திரும்பவும் சனம் போய் வந்தது.

நாங்கள் செய்யக்கூடியது

எங்கட பெரியவர்கள் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்த ஒரு விஷயம் உண்டு. தேர் இழுக்கிற வெயிலில் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப்பந்தல் வைப்பது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தாகசாந்தி நிலையம் இல்லாத ஒழுங்கை இல்லை. மோரும் சர்க்கரைத் தண்ணியும் யார் எவர் என்று கேளாமல் வார்ப்பினம். இங்கே ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் சேரும்போதும் தண்ணீரும் முதலுதவியும் வாகனம் விடும் ஒழுங்கும் பார்க்கப்படுகின்றன. சாமி தேரில் வர முன்னம் சனத்தின் தாகத்தை நினைப்பது எங்கள் பண்பாடு. மெரீனாவில் குறைந்து போனது விஞ்ஞானம் அல்ல, இந்தப் பழைய புத்திதான்.

ஆகவே வாசகர்களே, பிள்ளையள் பள்ளிக்கூடத்தால் விமானக் காட்சிக்குப் போகக் கேட்டால் தடுக்க வேண்டாம். போகட்டும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து, வெளியேறும் வழி எது என்று முதலில் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்த பிறகு, ஆறுதலாக இருக்கிற ஒரு பின்னேரம், எங்கட வானத்தின் கதையையும் சொல்லுங்கள். பயங்காட்ட அல்ல. அம்மம்மா ஏன் டிசெம்பர் 31 இரவு றொக்கெற் வெடிக்கும்போது காதைப் பொத்துகிறா என்று பிள்ளைக்கு விளங்க வேண்டும். பக்கத்து வீட்டு யேர்மன் பாட்டியும் ஏன் அப்படியே செய்கிறா என்றும் விளங்க வேண்டும். நாளைக்கு அந்தப் பிள்ளை விமானியாகலாம், பொறியியலாளராகலாம், நகரசபையில் விழா ஒழுங்கு செய்பவராகலாம். மேலே பறப்பதைத் திட்டம் போடும்போது கீழே நிற்பவரை எண்ணிப் பார்க்கிற ஆளாக அந்தப் பிள்ளை வளர்ந்தால், அதுவே எங்கள் சமூகம் இந்த நாட்டுக்கும் எங்கட நாட்டுக்கும் கொடுக்கிற நன்மை.

பிறக்கும் ஆண்டில் எல்லா ஊர்ச் சனமும் பயமில்லாமல் வானம் பார்க்கட்டும்.